தமிழ் விக்கிப்பீடியா நிருவாகிகள் இப்போதும் வேலை செய்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆலமரத்தடியில் ஒரு கேள்வி போட்டேன், பதினைந்து நாளாகப் பதிலே இல்லை, அங்கே இன்னும் யாராவது இருக்கிறார்களா?" புதிதாகக் கட்டுரை எழுத வந்தவர்கள் என்னிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆலமரத்தடி என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் பொதுப் பக்கம். நான் நிருவாகி இல்லை. பல வருடமாகக் கட்டுரை எழுதுகிறேன், பிழை திருத்துகிறேன், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நிருவாகி என்றால் யார்? இதற்குச் சம்பளம் உண்டா?

ஒரு ரூபாய்கூடக் கிடையாது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அத்தனையும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களும், படிக்கிற பிள்ளைகளும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் தங்கள் நேரத்தில் எழுதியவை. அப்படி எழுதுகிறவர்களில் சிலரைச் சமூகமே வாக்களித்து நிருவாகி ஆக்குகிறது. அவர்களிடம் கூடுதலாகச் சில பொத்தான்கள் இருக்கும்: பக்கத்தை நீக்குவது, நீக்கியதை மீட்பது, பக்கத்தைப் பூட்டுவது, தொந்தரவு செய்கிறவரைத் தடை செய்வது. அவர்களுக்கு மேலே அதிகாரிகள் என்று சிலர் உண்டு, நிருவாகி அணுக்கத்தை, அதாவது அந்தப் பொத்தான்களுக்கான உரிமையை, வழங்குவது அவர்கள் வேலை, அவர்களும் தன்னார்வலர்கள்தான்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சர்வர், மென்பொருள், சட்டம், நிதி பார்க்கிறவர்கள். உங்கள் ஊர்க் கோயில் கட்டுரையை ஏன் நீக்கினார்கள் என்று அவர்களுக்கு எழுதினால், அந்தந்த மொழிச் சமூகத்திடமே கேளுங்கள் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள்.

நிருவாகிகள் பட்டியலில் நிறையப் பெயர் இருக்கிறதே, அப்படியானால் எல்லோரும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. அந்தப் பட்டியல் யாரிடம் சாவி இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். யார் இந்த வாரம் கதவைத் திறந்தார் என்பதைக் காட்டாது. பத்து வருடத்துக்கு முன் சாவி வாங்கியவர் பெயரும் நேற்று வாங்கியவர் பெயரும் அதில் ஒரே வரிசையில்தான் இருக்கும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்: பட்டியலில் முதலில் தெரிகிற பெயரைச் சொடுக்கி, அவர் பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்க்காமலே வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

சரி, உண்மையில் யார் செயல்படுகிறார் என்று எப்படிப் பார்ப்பது?

இதற்கு யாரையும் கேட்கவே வேண்டாம், விக்கியில் எல்லாமே பதிவாகிறது. ஒருவருடைய பயனர் பக்கத்துக்குப் போனால் பக்கவாட்டுக் கருவிகளில் 'பயனர் பங்களிப்புகள்' என்று இருக்கும், அதைத் திறந்தால் அவர் கடைசியாக எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினார், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பது வரை தெரியும். ஆனால் அது அவர் எழுதுவதை மட்டும் சொல்கிறது. நிருவாகியாக அவர் செய்ததைப் பார்க்க, சிறப்புப் பக்கங்களில் பதிவுகள் பகுதிக்குப் போய் நீக்கல், தடை, காப்பு (பக்கத்தைப் பூட்டுவது) ஆகிய மூன்றையும் பாருங்கள். தினமும் கட்டுரை எழுதும் ஒரு நிருவாகி இரண்டு வருடமாக நீக்கல் பொத்தானைத் தொடாமல் இருக்கலாம். இன்னொருவர் ஒரு வரிகூட எழுதாமல் தினமும் பத்துக் குப்பைப் பக்கங்களை நீக்கிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு ஒரு பக்கம் நீக்கப்பட வேண்டும் என்றால் கேட்க வேண்டியது இரண்டாமவரை.

எனக்குப் பிடித்த வழி இன்னும் எளிது. அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து, கடைசி ஒரு மணி நேரத்தில் யார் யார் மாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அதில் ஒரு நிருவாகியின் பெயர் தெரிந்தால் அவர் இந்த நிமிடம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம், கேட்டால் பெரும்பாலும் உடனே பதில் வரும். கடந்த 30 நாளில் ஏதாவது செய்த பயனர்களைப் பட்டியலிடும் சிறப்புப் பக்கமும் உண்டு, அதில் நிருவாகிகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். எக்ஸ்டூல்ஸ் என்ற கருவியில் எந்த நிருவாகி எத்தனை நீக்கல், எத்தனை தடை செய்தார் என்ற கணக்கே கிடைக்கும்.

ஒன்று மட்டும் எந்தப் பதிவிலும் தெரியாது. படிப்பது பதிவாகாது. தினமும் காலையில் தான் கவனித்துவரும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடுகிறவர் அந்தப் பதிவுகளின்படி 'காணாமல் போனவர்'. அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டு மாதமாக ஒரு திருத்தமும் இல்லாத ஒருவர், தான் எழுதிய கட்டுரையில் யாரோ கெட்ட வார்த்தை எழுதிய கால் மணி நேரத்தில் வந்து நிற்பார்.

எத்தனை நாள் காணவில்லை என்றால் 'செயல்படவில்லை' என்று சொல்லலாம்?

இதற்கு ஒரே அளவு இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் கணக்கில், கடைசி இரண்டு மாதத்தில் 30 திருத்தங்களாவது செய்தவர்தான் செயல்படும் நிருவாகி. ஆனால் உரிமையை எடுப்பதற்கான அளவு வேறு: 12 மாதம் திருத்தமும் இல்லை, நிருவாகச் செயலும் இல்லை என்றால் எடுத்துவிடுவார்கள், 2011இல் வந்த விதி இது. சிலர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு உரிமையை வைத்துக்கொண்டிருந்ததால், ஐந்து வருடத்தில் 100 திருத்தங்களாவது இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து கூடுதலாக ஒரு விதி சேர்த்தார்கள்.

சொந்தமாக இப்படி விதி வகுக்காத விக்கிகளுக்கு 2013இல் உலக அளவில் கலந்து பேசி முடிவு செய்த விதி பொருந்தும்: இரண்டு வருடம் எந்தத் திருத்தமும், எந்தப் பதிவுச் செயலும் இல்லாதவரைப் பற்றி ஸ்டூவர்டுகள் (எல்லா விக்கிகளிலும் உரிமையைக் கொடுக்கவும் எடுக்கவும் கூடிய தன்னார்வலர்கள்) கேள்வி எழுப்புவார்கள். பயனர் சோதனை அணுக்கம் வைத்திருப்பவருக்கு இன்னும் கடுமை, ஒரு வருடம் சும்மா இருந்தாலே போய்விடும். மற்றவர்களின் ஐபி முகவரியைப் பார்க்கக்கூடிய அணுக்கம் அது, கடுமையாகத்தான் இருக்க வேண்டும்.

என் சொந்தக் கணக்கைக் கேட்டால், மூன்று மாதம் சுவடே இல்லாதவரிடம் அவசர வேலையைக் கேட்க மாட்டேன். அதற்காக அவர் போய்விட்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

நான் கேட்டவர் தினமும் தொகுக்கிறார். ஆனால் எனக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஏன்?

இதுதான் மனசைக் காயப்படுத்தும் கேள்வி, எனக்கும் நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் நான் எழுதிய ஒரு கட்டுரை நீக்கப்பட்டது, நீக்கியவரிடம் கேட்டேன், மூன்று வாரம் பதில் இல்லை, ஆனால் அவர் பங்களிப்புகளில் தினமும் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்றே நினைத்தேன். விட்டுப் போய்விடலாம் என்று இருந்தபோது இன்னொரு பயனர் என் கேள்வியைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் எந்தக் கட்டுரை என்றே எழுதவில்லையே." திரும்பப் போய்ப் பார்த்தேன், உண்மைதான். "என் கட்டுரையை ஏன் நீக்கினீர்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தலைப்பு இல்லை, இணைப்பு இல்லை, கையொப்பம்கூட இல்லை.

அப்புறம் தலைப்பைச் சேர்த்து எழுதினேன், மறுநாள் பதில் வந்தது. தகவல் எங்கிருந்து வந்தது என்று காட்டும் மேற்கோள் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை என்பதுதான் காரணம்.

அதனால் கேட்கும்போது பக்கத்தின் பெயரை எழுதுங்கள், இணைப்பைக் கொடுங்கள், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள், நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பம் இடுங்கள். ஒருவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதுவதைவிட ஒத்தாசைப் பக்கத்திலோ ஆலமரத்தடியிலோ எழுதினால் பத்துப் பேர் கண்ணில் படும், யாருக்கு அன்று நேரம் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வார். ஒரு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் அதே இடத்தில் பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள், அது தவறே இல்லை. ஒரே கேள்வியை ஐந்து நிருவாகிகளின் பக்கங்களில் ஒட்டுவது மட்டும் வேண்டாம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நிருவாகி தான் செய்த நீக்கலுக்கோ தடைக்கோ விளக்கம் தர மறுத்தால், அது அவர் தவறு. பொத்தானை அழுத்தியவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். தன்னார்வப் பணி என்பது அதற்கு விலக்கு ஆகாது. ஆலமரத்தடியில் வெளிப்படையாகக் கேளுங்கள்.

நல்லா வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஏன் திடீரென்று காணாமல் போகிறார்கள்?

பெரும்பாலும் வாழ்க்கைதான் காரணம். கல்லூரி முடிந்து வேலைக்குப் போவது, குழந்தை பிறப்பது, அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போவது. இரவு பத்து மணிக்கு மேல் கிடைத்த ஒரு மணி நேரம் இல்லாமல் போனால் விக்கியும் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் சலிப்பு, இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சாதிக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் யாராவது வந்து தங்கள் சாதிதான் ஆண்ட பரம்பரை என்று ஒரு பத்தி சேர்ப்பார், நிருவாகி மேற்கோள் கேட்பார், உடனே நிருவாகியின் சாதி என்ன என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். நடிகர்களின் ரசிகர்கள், கட்சிக்காரர்கள் என்று இந்த வரிசை நீளும். கிரந்த எழுத்து போடலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் நடந்த வாதங்கள் தனி. ஆயிரம் பக்கங்களைச் சுத்தம் செய்தபோது ஒருவரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள், ஒரு பக்கத்தை நீக்கியதற்கு வசவு வாங்கியிருப்பார். வசவு வாங்கிய மறுநாள் உள்நுழையத் தோன்றாது, அந்த மறுநாள் அப்படியே ஒரு வருடம் ஆகிவிடும்.

மூன்றாவது, தெரிந்தே நிறுத்துவது. 2002இல் விளம்பரம் வந்துவிடும் என்று பயந்து ஸ்பானிய விக்கிப்பீடியாவில் எழுதியவர்களில் பெரும்பாலோர் வெளியேறித் தனியாக ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள், ஸ்பானிய விக்கிப்பீடியா அதன் பிறகு கொஞ்ச காலம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. 2023இல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் கட்டுப்பாடு போட்டபோது, அங்கிருந்த தன்னார்வ மட்டுறுத்துநர்கள் பலர் ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 'யாரும் இல்லை' என்றுதான் தெரியும், உள்ளே எல்லோரும் இருந்தார்கள்.

ஆட்கள் குறைவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2008 வாக்கில் செயல்படும் நிருவாகிகள் ஆயிரம் பேர் இருந்தார்கள், இப்போது அதில் பாதிகூட இல்லை. புதியவர்களை இழுக்க 2024 அக்டோபரில் முதல் முறையாக ரகசிய வாக்கெடுப்பு வைத்தார்கள், 11 பேர் தேர்வானார்கள்.

நிருவாகி வரும்வரை நான் சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பெரும்பாலான வேலைக்கு நிருவாகியே தேவையில்லை. விசமத் தொகுப்பை, அதாவது யாரோ வேண்டுமென்றே பக்கத்தைக் கெடுத்ததை, பார்த்தால் 'வரலாற்றைக் காட்டவும்' தாவலைத் திறந்து அந்த மாற்றத்தை நீங்களே மீளமைக்கலாம். தலைப்பில் எழுத்துப் பிழை இருந்தால், கணக்கு தொடங்கிச் சில நாளும் சில திருத்தங்களும் ஆன பிறகு நீங்களே பக்கத்தை நகர்த்தலாம். நீக்க வேண்டிய பக்கத்தில் நீக்கல் வார்ப்புரு (நீக்கச் சொல்லும் ஆயத்த அறிவிப்பு) இடலாம், மேற்கோள் இல்லாத இடத்தில் மேற்கோள் தேடிச் சேர்க்கலாம், புதியவர் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பொத்தான் தேவைப்படும் வேலை நீக்குவது, பூட்டுவது, தடை செய்வது போன்ற சிலதான்.

நிருவாகி விக்கியின் முதலாளி இல்லை. அவர் அனுமதிக்காகக் காத்திருக்கும் பழக்கத்தால்தான் பல நல்ல கட்டுரைகள் எழுதப்படாமலே நின்றுபோகின்றன என்பது என் ஆதங்கம்.

செயல்படாதவரின் உரிமையை ஏன் எடுக்க வேண்டும்? அவர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே?

அவர் செய்ய மாட்டார், அவருடைய கடவுச்சொல்லைத் திருடியவர் செய்வார். 2016 நவம்பரில் விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சின் விக்கிக் கணக்கே வேறொரு கும்பலின் கைக்குப் போனது. 2018 நவம்பரில் ஆங்கில விக்கிப்பீடியா நிருவாகிகள் சிலரின் கணக்குகளைக் கைப்பற்றி டொனால்டு டிரம்ப் கட்டுரையில் ஆபாசப் படம் ஏற்றினார்கள். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருப்பது இப்படிப்பட்ட திருட்டுகளுக்கு வழக்கமான வழி. தினமும் வருகிற ஆளின் கணக்கு பறிபோனால் அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். மூன்று வருடமாக வராதவருக்கு யார் சொல்வது?

எடுக்கும் முறையும் மரியாதையானதுதான். ஸ்டூவர்டுகள் சமூகப் பக்கத்திலும் அவர் பேச்சுப் பக்கத்திலும் அறிவிப்பு வைப்பார்கள், ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருப்பார்கள். அவர் வந்து தொடர்கிறேன் என்று சொன்னால் சமூகம் அதைப் பற்றிப் பேசி முடிவு செய்யும். பதிலே இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். இது தண்டனை இல்லை, அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அப்படியே இருக்கும், திரும்பி வந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். எடுத்த நாளில் அவர் பேச்சுப் பக்கத்தில் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

ஒரு விக்கியில் யாருமே இல்லாமல் போனால் என்ன நடக்கும்?

பத்து நிருவாகிகள்கூட இல்லாத விக்கிகளிலும், இரண்டு மாதத்தில் மூன்று நிருவாகிகள்கூடச் செயல்படாத விக்கிகளிலும் உலகளாவிய நிருவாகிகள் என்று ஒரு குழு விசமத் தொகுப்புகளை நீக்கிக் கொடுக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த மொழி தெரியாது. கெட்ட வார்த்தையை மொழிபெயர்ப்புக் கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம், கெட்டுப்போன மொழியைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு, ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாதான் உதாரணம். அமெரிக்காவில் இருந்த, ஸ்காட்ஸ் மொழி தெரியாத ஒரு பையன் பன்னிரண்டு வயதில் எழுதத் தொடங்கி, வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆங்கிலச் சொற்களைக் கொஞ்சம் உருமாற்றியே எழுதிக் குவித்தான். அவனே நிருவாகியும் ஆனான். 2020 ஆகஸ்டில் ஒருவர் இதை ரெடிட்டில் எழுதிய பிறகுதான் இது பெரிதாகப் பேசப்பட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆர்வத்தில் செய்தான், திட்ட வேண்டியது அவனை இல்லை. படித்துப் பார்த்து "இது நம்ம மொழி இல்லையே" என்று சொல்ல ஒரு கை எண்ணிக்கைக்கு ஆள் இல்லாததுதான் பிரச்சினை. கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவில் கருவி மொழிபெயர்ப்புகள் பெருகியபோது, அதைக் கவனித்துவந்த நிருவாகியே மூடிவிடும்படி கேட்டார், 2025இல் மூட முடிவானது.

அப்படியென்றால் நிருவாகிகள் சுறுசுறுப்பாக இருந்தால் போதுமா?

போதாது. குரோவேசிய விக்கிப்பீடியாவில் நிருவாகிகள் நன்றாகவே செயல்பட்டார்கள். ஏறக்குறைய பத்து வருடம் ஒரு தீவிர வலதுசாரிக் கூட்டம் அதைக் கையில் வைத்து, எதிர்த்துப் பேசியவர்களைத் தடை செய்து, வரலாற்றைத் தங்களுக்கு ஏற்றபடி எழுதியது. விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் இதைப் பற்றி ஒரு அறிக்கையே வெளியிட்டது. அதனால் ஒருவர் எத்தனை பொத்தான் அழுத்தினார் என்பதோடு, ஏன் அழுத்தினார் என்று கேட்டால் பதில் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.

ஒரு நிருவாகி இறந்துவிட்டால்?

குடும்பத்தினரோ நண்பர்களோ சொல்லித்தான் பெரும்பாலும் தெரியவரும். உறுதி செய்துகொண்டு அணுக்கத்தை எடுத்துவிடுவார்கள், பயனர் பக்கம் அப்படியே இருக்கும். தகவல் தெரிந்தால் ஒரு அதிகாரியிடம் சொல்லுங்கள், உறுதியாகாததைப் பொதுவில் எழுதாதீர்கள்.

நானே நிருவாகி ஆகலாமா?

ஆகலாம். முதலில் ஒரு ஆறு மாதமாவது கட்டுரை எழுதுங்கள், அண்மைய மாற்றங்களைத் தினமும் கொஞ்ச நேரம் பாருங்கள், புதியவர்களின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வணக்கம் சொல்லுங்கள். எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, அங்கே எதை எழுதினாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள். பிறகு உங்கள் பெயரை முன்மொழியச் சொல்லிக் கேட்கலாம், கேட்பது தவறில்லை. அதுவரை, இன்றைக்கு ஒத்தாசைப் பக்கத்தில் பதிலில்லாமல் இருக்கும் கேள்விகளில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள், அதற்கு எந்த அணுக்கமும் தேவையில்லை.